முளைகட்டிய பயறு: வாசகர் கேள்விகள்

கேள்வி: பாசிப்பயறை இரவில் ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கிறேன். மறுநாள் முளை வந்துவிடுகிறது. ஆனால் பயறு வழுவழுவென்று ஆகி, புளித்த வாடை அடிக்கிறது. நன்றாகக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாமா? (வாசகி, சேலம்)

பதில்: பயன்படுத்த வேண்டாம். வழுவழுப்பு வந்த பயறு எத்தனை முறை கழுவினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. செடிக்கு உரமாகப் போட்டுவிடுங்கள். கோளாறு பயறில் இல்லை, மூடியில்தான் இருக்கிறது. முளைக்கத் தொடங்கிய விதை உயிருள்ள பொருள் என்பதால், அது மூச்சுவிடுகிறது, வெப்பத்தையும் வெளியிடுகிறது. காற்றுப் புகாத டப்பாவுக்குள் அந்த வெப்பமும், அடியில் தேங்கிய நீரும், ஊறும்போது உடைந்துபோன பயறிலிருந்து கசியும் மாவும் சேர்ந்துவிட்டால், கிருமிகள் பெருகுவதற்கு அதைவிட வசதியான இடம் வேறு இல்லை.

வேட்டித் துணியே இதற்குப் போதும். முதலில் பயறைத் தட்டில் பரப்பி, உடைந்தவற்றையும் பூச்சி அரித்தவற்றையும் பொறுக்கி எடுங்கள். மூன்று நான்கு முறை அலசிய பிறகு, குடிக்கத் தகுந்த நீரை மூன்று பங்கு ஊற்றி, வெயில் காலத்தில் ஆறு மணி நேரமும், மார்கழிக் குளிரில் எட்டு மணி நேரமும் ஊறவிடலாம். ஊறிய பயறைக் கையால் துழாவிப் பார்த்தால், சில மட்டும் சிறுகல்லைப் போல விரலில் இடறும். நீரை உறிஞ்சாத அவை முளைக்கப் போவதில்லை, வேகவும் போவதில்லை என்பதால் எடுத்துவிடுங்கள். ஊறவைத்த நீரைக் கொட்டி, மறுபடியும் அலசி, ஒரு சொட்டு நீரும் தேங்காதபடி வடித்து, கொதிநீரில் அலசி உலர்த்திய பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து, காற்றோட்டமுள்ள நிழலில் தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் நடுவிலுள்ள பயறு புழுங்கிவிடும். ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூட்டையை அவிழ்த்து, பயறை அலசி, வடித்து, மறுபடியும் கட்ட வேண்டும். துணி காயாமல் இருக்க மேலே நீர் தெளித்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அலசுவதன் நோக்கம் ஈரம் கொடுப்பது மட்டுமன்று, சூட்டையும் அழுக்கையும் வெளியேற்றுவதும் ஆகும்.

நம் ஊர்க் கோடையில் கட்டிய பன்னிரண்டு மணி நேரத்திலேயே பச்சைத் தோலைக் கிழித்துக்கொண்டு வெண்மையான முனை எட்டிப்பார்க்கும். முளை பயறின் நீளத்துக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். நல்ல முளைக்குப் பச்சை வேர்க்கடலையின் வாசம் இருக்கும். வேறு எந்த வாடை வந்தாலும் அதை நம்ப வேண்டாம். உடனே சமைக்காவிட்டால், நன்றாக வடித்துக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: முளைகட்டிய பயறைப் பச்சையாக உண்டால்தான் சத்து, வேகவைத்தால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். ஐந்து மாதக் கருவுற்றிருக்கும் என் மகளுக்கு எப்படிக் கொடுப்பது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: மகளுக்குக் கட்டாயம் வேகவைத்தே கொடுங்கள், அம்மா. பச்சையாக வேண்டவே வேண்டாம்.

முளைகட்டுவதால் நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. உலர்ந்த பயறில் வைட்டமின் சி ஏறக்குறைய இல்லை. முளைக்கும்போதுதான் அது உருவாகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில், காய்கனி கிடைக்காத படைவீரர்கள் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயால் வாடியபோது, லண்டன் லிஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய ஹாரியட் சிக் என்ற பெண் அறிவியலாளரும் அவருடைய குழுவினரும், முளைகட்டிய பருப்பு வகைகளுக்கு அந்நோயைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்று சோதனைகளில் காட்டினார்கள். மேலும், இரும்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டு என்ற பொருளும், வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளும் முளைக்கும்போது குறைகின்றன. வேகவைப்பதால் இவற்றுள் வைட்டமின் சியில் ஒரு பகுதிதான் போகும். புரதமும் இரும்பும் எங்கும் போய்விடுவதில்லை. போன பகுதியை ஈடுசெய்ய, இறக்கிய பிறகு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் போதும்.

பச்சையாக உண்பதில் உள்ள ஆபத்தோ அப்படி ஈடுசெய்யக்கூடியதன்று. 2011-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஈ.கோலை என்ற குடல் கிருமியின் கொடிய வகை ஒன்று பரவி, 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயின் மீது பழி விழுந்தது. பிறகு ஆராய்ந்தபோது, ஒரு பண்ணையில் வளர்த்த முளைகளே காரணம் என்றும், எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையிலேயே கிருமி வந்திருக்கக்கூடும் என்றும் தெரியவந்தது. கிருமி விதையின் நுண்ணிய வெடிப்புகளுக்குள் ஒளிந்திருந்தால், கழுவி அதனை நீக்க முடியாது. விதையை எழுப்பும் அதே சூடும் ஈரமும் கிருமியையும் எழுப்பிவிடுகின்றன என்பதால், வீட்டில் எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் இந்த ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. எனவே கருவுற்றவர்கள், குழந்தைகள், முதியவர்கள், நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்குப் பச்சை முளை ஆகாது. மற்றவர்களுக்கும் வேகவைத்து உண்பதையே நான் சொல்வேன்.

நீராவியில் பத்து நிமிடம் வேகவிட்டு, முளை நன்றாகச் சூடேறி மென்மையானதும் இறக்கி, கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்த் துருவல் சேர்த்துச் சுண்டலாகக் கொடுங்கள். மகள் விரும்பி உண்பார்.

கேள்வி: எல்லாத் தானியங்களையும் பயறுகளையும் முளைகட்டலாமா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: கூடாது. கொள்ளு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வெந்தயம், கம்பு ஆகியவை நல்லவை. கொள்ளும் கொண்டைக்கடலையும் பன்னிரண்டு மணி நேரம் ஊற வேண்டும். ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சு முளைகட்டினாலும் போகாது. கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால்தான் அழியும். அரைவேக்காட்டில் உண்டவர்களுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

சோளத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு சுருண்டு விழுந்து இறப்பதைக் கரிசல் காட்டில் வாழும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குக் காரணமான சயனைடு நச்சை வெளியிடும் பொருள் சோளத்தின் முளையிலும் உண்டு. ஆகவே சோளத்தை முளைகட்டி உண்ண வேண்டாம்.

விதைக்கடையில் விதைப்பதற்கென்று விற்கும் விதைகளையும் தொடாதீர்கள். அவற்றின் மீது பூஞ்சணக்கொல்லி பூசியிருப்பார்கள். இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏற்றியிருப்பது அதற்கான எச்சரிக்கையே. உணவுக்கென்று மளிகைக் கடையில் விற்கும் பயறையே வாங்குங்கள்.

கேள்வி: ஏழு மாதக் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் கஞ்சி கொடுக்கலாமா? (வாசகி, தருமபுரி)

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. ஆயினும் முளைகட்டுவதன் தனிப்பயன் வேறொன்று. சாதாரண மாவில் காய்ச்சிய கஞ்சி கெட்டியாகிவிடுவதால் நீரை அதிகம் ஊற்றுகிறோம். குழந்தையின் சிறு வயிறு நீராலேயே நிறைந்துவிடுகிறது. முளைக்கும்போது அமைலேஸ் என்ற நொதி பெருகி, மாவுப்பொருளை உடைத்துவிடும். கெட்டியான கஞ்சியை இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, முளைமாவு ஒரு கரண்டி கலந்து துழாவிப் பாருங்கள். கரண்டியில் ஒட்டிக்கொண்டு நின்ற கஞ்சி, சிறிது நேரத்தில் இளகி வழியத் தொடங்கும். அதனை மீண்டும் ஒரு கொதி விட்டுக் கொடுத்தால், அதே கிண்ணக் கஞ்சியில் குழந்தைக்குக் கூடுதல் மாவும் கூடுதல் சத்தும் சேரும். முளைத்த கேழ்வரகை நன்றாக உலர்த்தி, வேரைத் தேய்த்துப் புடைத்து, மிதமான சூட்டில் வறுத்து அரையுங்கள். கருக வறுத்தால் நொதி செத்துவிடும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அத்தகைய மாவைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

கேள்வி: முளைவிட்ட உருளைக்கிழங்கும் இதுபோல நல்லதுதானா? (வாசகர், நீலகிரி)

பதில்: இல்லை. அதன் முளையிலும் பச்சைநிறத் தோலிலும் சோலனின் என்ற நச்சு சேர்கிறது. முளை மிகுந்து சுருங்கிய கிழங்கை எறிந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பனம்பழங்கள் விழுகின்றன. பனங்கிழங்கும் ஒரு முளைதான் என்கிறார்களே, வீட்டிலேயே போட முடியுமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: நம் மண்ணின் மிகப் பெரிய முளை அதுதான். பனங்கொட்டையின் முளை மேலே வராமல் மண்ணுக்குள் இறங்கி, அங்கே மாவு சேர்த்துப் பருக்கிறது. ஆகையால் அதற்குப் பொலபொலப்பான ஆழம் வேண்டும். மணலும் செம்மண்ணும் கலந்து இரண்டடி உயரத்துக்கு மேடு அமைத்து, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மெல்லிய மண் போர்வை இட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவணியில் போட்டால் மார்கழிக் கடைசியில் பிடுங்கலாம். குருத்து விரியவிட்டால் கிழங்கு நாராகிவிடும். பிடுங்கும்போது கொட்டையை எறியாமல் வெட்டிப் பாருங்கள். உள்ளே பஞ்சுபோல இனிக்கும் தவுண் இருக்கும், பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

கிழங்கை மஞ்சளும் உப்பும் இட்டு அவித்தே உண்ண வேண்டும். மிகுந்துவிட்டால் யாழ்ப்பாணத்தாரின் முறையைப் பின்பற்றலாம்: அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, கசப்பு இறங்கிய அந்நீரைக் கொட்டிய பிறகே அவர்கள் கூழ் காய்ச்சுகிறார்கள். அந்த ஒரு படியை மட்டும் நீங்கள் விட்டுவிடாதீர்கள்.