கிராம சபைத் தீர்மானத்தின் நகலைச் சாதாரண ஆள் கேட்டு வாங்க முடியுமா?

வாங்கலாம். நான் வாங்கியிருக்கிறேன். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பும் ஒரு பதிவுத் தபாலும், அவ்வளவுதான் செலவு. ஆனால் நகல் கைக்கு வந்த பிறகுதான் வயிறு எரிந்தது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர் மதுரை மாவட்டம் மேலூர் பக்கம். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் பாதியை ஒருவர் தன் வயலோடு சேர்த்து உழுதுவிட்டார். 2023 ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து சொன்னேன். "அளந்து ஆக்கிரமிப்ப எடுக்கணும்" என்று பத்துப் பேர் கூடவே சத்தம் போட்டார்கள். தலைவர் தலையாட்டினார். செயலர், "எழுதிக்கிட்டேண்ணே, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். மிட்டாயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அதன்பிறகு ஒரு அசைவும் இல்லை. தீர்மானப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று போனால், முதல் தடவை "ஆடிட்டுக்குப் போயிருக்கு". அடுத்த தடவை "தலைவர் வீட்டுல இருக்கு". சரியென்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினேன். வேறு அலுவலகத்தில் இருக்கிற தகவல் என்றால் ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்வதால், முகவரி பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். கேட்டது இரண்டே விஷயம்: அன்றைய தீர்மானங்கள், வருகைப் பதிவேட்டுப் பக்கங்கள், இரண்டுக்கும் சான்றிட்ட நகல். கூடவே, பிரிவு 2(ஜே)-யின்படி புத்தகத்தை நேரில் பார்க்க ஒரு தேதி. ("ஏன் செய்யவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஏன் என்று கேட்டால் பதில் சொல்லாமல் நழுவுவது அவர்களுக்குச் சுலபம்.) முப்பது நாள் கெடு. பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் வழிவராவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

வந்த நகலில் இருந்தது இதுதான்: "கண்மாய் மராமத்து செய்து தர அரசைக் கேட்டுக்கொள்வதெனத் தீர்மானிக்கப்பட்டது." வரத்துக்காலும் இல்லை, ஆக்கிரமிப்பும் இல்லை. பின்னால் இணைத்திருந்த வருகைப் பக்கத்தில் என் கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது. படிக்கிறவர்கள் நானும் இதற்குச் சம்மதித்ததாகத்தானே நினைப்பார்கள்?

இது எப்படி நடக்கிறதென்றால், கையெழுத்து முதலில், எழுத்து பிறகு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் கிராம சபைக்கு வந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு நிறைய வேண்டுமே என்று, நூறு நாள் வேலைக்கு வந்தவர்களைக் கூட்டிவந்து நோட்டை நீட்டுகிறார்கள். தீர்மானத்தை ஆற அமர ரெண்டு நாள் கழித்து எழுதிக்கொள்ளலாம்.

நவம்பர் 1 கூட்டத்துக்குத் தயாராகப் போனேன். (2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு ஆறு கூட்டம்.) போன கூட்டத்தின் தீர்மானங்களை முதலில் வாசிக்கச் சொன்னோம். எங்கள் தீர்மானத்தைச் சர்வே எண்ணோடு நாங்களே எழுதி இரண்டு பிரதி வைத்திருந்தோம். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினோம். அங்கேயே புத்தகத்தில் எழுதி, உரக்கப் படித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு போடச் சொல்லி, போனில் படம் எடுத்தேன். "என்னண்ணே, நம்பிக்கை இல்லையா?" என்றார் செயலர். "ஒங்க மேல இருக்கு தம்பி, புத்தகத்து மேலதான் இல்ல" என்றேன். முகம் சுண்டிப்போனது. பாவம், அவரும் மேலே இருப்பவர்கள் சொல்வதைத்தான் எழுதுகிறார்.

வார்த்தைக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். 2024 நவம்பரில் எங்கள் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி சுற்று ஊராட்சிகள் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று பெயர் சொல்லித் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்தச் சுரங்கத்துக்கு விட்டிருந்த ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே சாதித்தது என்று சொல்ல மாட்டேன். சுரங்கத்தை எதிர்த்து நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தமுக்கம் வரை ஜனம் திரண்டு போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனாலும் "சுற்றுச்சூழலைக் காக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று பொத்தாம்பொதுவாக எழுதி வைத்திருந்தால் அதை யார் மதித்திருப்பார்கள்?

அதே ஜனவரியில் எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அவர்கள் இடத்தில் தனி அலுவலர்கள் வந்தார்கள். "பழைய புத்தகம் தலைவரோட போச்சு" என்று எங்கேயாவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஊராட்சியின் ஆவணம், தலைவர் வீட்டுச் சொத்து அல்ல.

எங்கள் வரத்துக்காலைக் கேட்கிறீர்களா? சர்வேயர் வந்து அளந்து மூன்று கல் நட்டுவிட்டுப் போனார். இப்போது இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவது கல்லுக்கு இன்னொரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.