கேலகாவில் இரட்டை விமானம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: வேலை முடிந்து வந்தால் பத்து, பதினைந்து நிமிடம்தான் கிடைக்கிறது. கதை, பயிற்சி என்று இழுக்காமல் உடனே சுட ஆரம்பிக்கிற கேம் எது?

பதில்: 'ஜியோமெட்ரி வார்ஸ்: ரெட்ரோ இவால்வ்டு 2' (2008). அதிலுள்ள 'டெட்லைன்' ஆட்டம் மூன்றே நிமிடம். எத்தனை உயிர் போனாலும் நேரம் தீரும்வரை ஆடலாம். எதிரி வெடித்த இடத்தில் சிதறும் துணுக்குகளைப் பொறுக்கினால்தான் மதிப்பெண் பெருகும். எனவே ஓரத்தில் ஒதுங்கி நின்று சுடாதீர்கள். பழைய கேம் பிடிக்கும் என்றால் ஹட்சன் நிறுவனத்தின் 'சூப்பர் ஸ்டார் சோல்ஜர்' (1990): 2 நிமிடம், 5 நிமிடம் என்றே தனி ஆட்டங்கள் உண்டு. ஹட்சன் 1985 முதல் ஜப்பானில் நடத்திய 'கேரவன்' என்ற கேம் போட்டிகளின் வழிவந்தவை அவை.

ஒன்றே ஒன்று போதும் என்றால், தயங்காமல் நாம்கோ நிறுவனத்தின் 'கேலகா' (1981): வரிசையாக நிற்கும் எதிரிகளைக் கீழிருந்து விமானத்தால் சுடும் கேம்.

கேள்வி: கேலகாவில் சிலர் இரண்டு விமானங்களோடு ஆடுகிறார்களே, எப்படி? எனக்கு ஒரு உயிர் போவதுதான் மிச்சம்.

பதில்: மேல் வரிசையில் நிற்கும் பாஸ் எதிரிக்கு இரண்டு குண்டு தேவை. முதல் அடியில் பச்சை நிறம் நீலமாகும். அந்த ஓர் அடியை முன்பே கொடுத்துவிடுங்கள். மற்ற எதிரிகளைப் பெரும்பாலும் தீர்த்த பிறகு, அது இறங்கி ஒளிக்கற்றையை விரிக்கும்போது உள்ளே நுழையுங்கள். உங்கள் விமானம் சிறைப்படும், அடுத்த உயிர் களத்துக்கு வரும். கடைசி உயிரோடு இதைச் செய்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

இனிதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாஸ் வரிசையில் நிற்கும்போது சுட்டால் சிறைப்பட்ட விமானம் திரும்பி வராது. பாஸ் கீழே பாயும்வரை பொறுத்திருந்து, பாயும்போது அதை மட்டும் அடியுங்கள். குறி தப்பிக் கைதியின் மேல் பட்டால் சிறைப்பட்ட உங்கள் விமானமே அழிந்துவிடும். சரியாகப் பட்டால் அது இறங்கி வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒற்றை விமானத்தின் குண்டுகள் ஒரே நேரத்தில் திரையில் இரண்டுதான் இருக்க முடியும். தப்பிய குண்டு மேல் விளிம்பைக் கடக்கும்வரை கை கட்டப்பட்டதுபோல்தான். இரட்டையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு குண்டு பாயும். 3, 7, 11 என்று வரும் சேலஞ்சிங் சுற்றுகளில் (எதிரிகள் சுடாத போனஸ் சுற்றுகள்) 40 எதிரிகளையும் வீழ்த்தி 10,000 மதிப்பெண் வாங்க இது பெரிய துணை. ஆனால் அகலம் இரட்டிப்பாவதால் அடிபடும் வாய்ப்பும் கூடும், மூலையில் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பெரிய டிவியில் ஆடினால் பட்டனை அழுத்திய பிறகே விமானம் நகர்கிறது. கன்ட்ரோலர் பழுதா?

பதில்: பெரும்பாலும் டிவிதான் காரணம். படத்தை மெருகேற்றிக் காட்டுவதில் தாமதமாகிறது. அமைப்புகளில் 'கேம் மோட்' போடுங்கள். அப்படியும் தாமதம் இருந்தால் புளூடூத்தை விட்டு, கன்ட்ரோலரைக் கேபிளில் இணைத்துப் பாருங்கள்.