ராஜபார்ட்டுக்கு ஒத்திகை வேண்டாமா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பழைய நாடகக் கம்பெனிகளைப் பற்றியவை. அவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி ஓர் ஊரிலிருந்தும் முருகன் வேறோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய நடிக்கிறார்களாமே. எப்படி முடிகிறது? (வாசகர், செந்தூல்)

பதில்: பாடம் எல்லாருக்கும் ஒன்று, அதனால் முடிகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி போன்றவற்றின் பாட்டும் வசனமும் நடிகர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். எந்தக் கம்பெனியையும் சேராமல், ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தேதி கேட்டு அமர்த்துவதால்தான் அதற்கு ‘ஸ்பெஷல்’ என்று பெயர். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) என்று ஆளுக்கொரு பார்ட். அந்தப் பார்ட்டைத்தான் ஆயுள் முழுக்க ஆடுவார்கள்.

பாடம் மட்டும் போதாது. நாடகத்தைக் கட்டி ஓட்டுபவர் ஆர்மோனியக்காரர். நடிகர் அடி மறந்தால் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பார். மூச்சு வாங்கினால் பின்பாட்டால் தாங்குவார். அவர் சரியில்லை என்றால் எந்த ராஜபார்ட் வந்தும் பிரயோசனமில்லை. தடுமாற்றம் பெரும்பாலும் தர்க்கத்தில்தான் வரும். நாரதரும் வள்ளியும் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கும் இடத்துக்கு எழுத்தில் எல்லை கிடையாது. இருவரில் ஒருவருக்குச் சரக்கு குறைவாக இருந்தால் அரங்கமே பார்த்துவிடும். இருவருக்கும் சரக்கு அதிகம் என்றால் முருகன் மேடை ஏறுவதற்குள் கோழி கூவிவிடும்!

கேள்வி: பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களை மட்டும் வைத்து நடத்தியது ஏன்? பிறகு அவை எங்கே போயின? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: பெரிய நடிகர்கள் நேரத்துக்கு வருவதில்லை, குடித்துவிட்டு வருகிறார்கள், பாதியில் வேறு கம்பெனிக்குத் தாவுகிறார்கள் என்பது அந்தக் காலத்து முதலாளிகளின் தீராத புலம்பல். சிறுவர்கள் என்றால் வாத்தியார் சொன்னபடி கேட்பார்கள். சோறும் தங்க இடமும் கொடுத்து, குருகுலம் மாதிரி பாட்டும் வசனமும் அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ‘அடித்து’ என்பது வெறும் பேச்சு வழக்கு அல்ல. மதுரையில் 1918இல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற பாய்ஸ் கம்பெனிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளே ஆசிரியர். பின்னாளில் சொந்தக் கம்பெனி நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தது அங்கேதான்.

கம்பெனியின் பலவீனம் சிறுவர்களின் தொண்டையில் இருந்தது. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும், அதனால் பாட்டெல்லாம் உச்ச சுருதி. பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்று வரை சாவித்திரியாக ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) பாடிய பையன் இன்று படுதா இழுக்க வேண்டியதுதான். அதனால் முக்கியப் பார்ட் ஒவ்வொன்றுக்கும் அடியில் இன்னொரு பையனைத் தயார் செய்துகொண்டே இருந்தார்கள். அடுத்தவன் தேறாத கம்பெனி, பெரிய பையனின் குரலோடு சேர்ந்து படுத்துவிடும்.

1931இல் தமிழ்ப் பேசும்படம் வந்ததும் நடிகர்களும் கொட்டகைகளும் சினிமா பக்கம் சாய்ந்தார்கள். எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கிருஷ்ணன், சிவாஜி மூவருமே பாய்ஸ் கம்பெனிப் பள்ளியில் தேறியவர்கள். டி.கே.எஸ். சகோதரர்களோ 1925இல் சொந்தமாகத் தொடங்கிய கம்பெனியை 1950 வரை ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள்.

கேள்வி: மலாய்ப் பாட்டு நாடகமான பங்சாவானுக்கும் நம் கம்பெனி நாடகத்துக்கும் உறவு உண்டா? (வாசகர், ஜார்ஜ் டவுன்)

பதில்: ஒன்றிலிருந்து மற்றொன்று வரவில்லை. இரண்டும் பம்பாய்ப் பார்சிகள் நடத்திய பார்சி நாடகத்தைப் பார்த்து வளர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்குக்கு வந்த பார்சிக் குழுக்களின் ஆட்டத்தை இங்கே ‘வாயாங் பார்சி’ என்றார்கள். அதைப் பார்த்து 1885 வாக்கில் மாமாக் புஷி பினாங்கில் பங்சாவான் குழு தொடங்கினார். சித்திரப் படுதா, காட்சிக்கு நடுவே பாட்டு, கோமாளி: மூன்றும் இரு பக்கத்திலும் உண்டு.

கேள்வி: எங்கள் சங்கத்தில் ஒரு டேவானில் (மண்டபத்தில்) வள்ளி திருமணம் போடப் போகிறோம். மூன்று மணி நேரம்தான் கிடைத்திருக்கிறது. எதைக் குறைக்கலாம்? சீன், சுருதிக்கு யோசனை வேண்டும். (வாசகி, கிள்ளான்)

பதில்: வள்ளி, முருகன், நாரதர், பபூன், ஒரு நடனக்காரி, ஆக ஐந்து பேர். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல தாளக் கருவிகளை ஒருவரே வாசிப்பது), ஜால்ரா, ஆக நான்கு பேர். இதற்கு மேல் ஆள் சேர்த்தால் ஒப்பனை அறையில் கூட்டம்தான் மிச்சம்.

பலரும் தர்க்கத்தை வெட்டிவிட்டுக் கல்யாணக் காட்சியை நீட்டுகிறார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். சபை எழுந்து உட்காருவதே தர்க்கத்தில்தான். மாலை மாற்றுவதை அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்துக்கொள்வார்கள். கடவுள் வாழ்த்துக்கும் பபூனுக்கும் சேர்த்து முப்பது நிமிடம், தினைப்புனம் இருபது, நாரதர் தர்க்கம் நாற்பது. வேடனாக வரும் முருகனோடு வாக்குவாதம் ஐம்பது, விருத்தனாக (கிழவனாக) வரும் முருகனும் யானையும் இருபத்தைந்து, கல்யாணம் பத்து. மிச்சம் ஐந்து நிமிடம் எப்படியும் மைக் மாற்றுவதில் போய்விடும்.

சுருதியில்தான் புதுக் குழுக்கள் விழுகின்றன. பழைய இசைத்தட்டைக் கேட்டுவிட்டு ஆண்களும் நாலரை, ஐந்து கட்டைக்குப் போனால் அரை மணி நேரத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும். மைக் இருக்கும்போது அந்த உயரம் எதற்கு? விருத்தங்களை (தாளமில்லாமல் தனியாகப் பாடும் பாட்டுகளை) அவரவர் சுருதியில் பாடட்டும். இருவரும் மாறி மாறிப் பாடும் பாட்டுகளுக்கு மட்டும் ஒரு பொதுச் சுருதியை ஆர்மோனியக்காரரோடு முன்கூட்டியே முடிவு செய்து, ஒத்திகையை அந்தப் பாட்டுகளில் செலவழியுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஆர்மோனியத்தின் பித்தளை ரீடு களிம்பேறிச் சுருதி விலகும். ஏர்கான் டேவானுக்குக் கொண்டுபோனால், ஒரு மணி நேரம் திறந்து வைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள்.

சீனுக்கு ஒரே காட்டுப் படுதா போதும். முன்னாட்களில் காடாத் துணியில் தூள் வர்ணத்தை வஜ்ஜிரப் பசையில் (விலங்குப் பசை) குழைத்துத் தீட்டினார்கள். பசை கூடினால் சுருட்டும்போது வெடிக்கும், குறைந்தால் வர்ணம் கையோடு வரும். இந்த ஈரத்தில் பூசணமும் பிடிக்கும். அக்ரிலிக் வர்ணத்தை நீர்க்கத் தீட்டுங்கள். மடிக்காமல், வர்ணப் பக்கம் வெளியே இருக்கச் சுருட்டி வையுங்கள். மேல் கழி மூங்கிலானால் நடுவில் தொய்ந்து சுருக்கம் விழும். அலுமினியக் குழாய் நல்லது.

கேள்வி: முகத்துக்குப் பூச அரிதாரம் எங்கே கிடைக்கும்? (வாசகர், ஈப்போ)

பதில்: தேடாதீர்கள். அசல் அரிதாரம் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த மஞ்சள் கனிமம். அந்தக் காலத்து நடிகர்கள் வேறு வழியில்லாமல் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். கடைகளில் கிடைக்கும் பான்கேக் மேக்கப் பூசுங்கள். கலைக்க மட்டும் அதே தேங்காய் எண்ணெயைப் பயன்படுத்தலாம்.