ஸ்டூடியோவில் திறக்காத கல்லடிப் பாலப் படங்கள்

தம்பி, மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் விடியலில் எடுத்த நெஃப் படங்கள் (நிக்கோன் கேமராவின் மூலக் கோப்புகள்) போட்டோ ஸ்டூடியோவில் திறக்கவில்லை, கோப்பின் பெயர் முடிவை ஜேபெக் என்று மாற்றியும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. பழைய முடிவையே திரும்பப் போடுங்கள். படங்களுக்கு ஒரு சேதமும் வந்திராது.

நிக்கோனின் என்எக்ஸ் ஸ்டூடியோ என்ற கணினி மென்பொருள் இலவசம், டார்க்டேபிள் என்ற மென்பொருளும் இலவசம். ஏதாவது ஒன்றில் திறந்து ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். ஆனால் வெளிச்சத்தை அதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். 14 பிட் மூலக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 வெளிச்சப் படிகள் உண்டு. ஜேபெக்கில் 256 மட்டுமே. வாவியில் இருண்டு கிடக்கும் தோணியின் பலகை வரிகளையும் வலை முடிச்சுகளையும் மூலக் கோப்பிலிருந்து மீட்டெடுக்கலாம். ஜேபெக் ஆன பிறகு வெளிச்சத்தைக் கூட்டினால் அந்த இடம் திட்டுத் திட்டாகிவிடும்.

ஏற்றுமதியில் ஜேபெக்கின் தரம் 90க்கு மேல் இருக்கட்டும். நிறவெளி, அதாவது கோப்பில் அடங்கும் நிறங்களின் வரம்பு, எஸ்ஆர்ஜிபி. அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிறவெளியில் விட்டால் பல திரைகளில் நிறம் வெளிறிவிடும். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவில் நான் எடுத்த பட்டுச் சேலைகளெல்லாம் அப்படித்தான் சாயம் போனவைபோல் தெரிந்தன.

புதுப் படங்களை வேறு கோப்புறையில் சேமியுங்கள். நெஃப் கோப்புகளில் ஒன்றைக்கூட அழித்துவிடாதீர்கள்.