வாசகர் கேள்வி – பதில்: ரோடு அடைபடும் நாளுக்கு ஒரு புத்தகத் தட்டு

கேள்வி: மேடம், கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்) இருக்கிறோம். மழை வலுத்தால் ரோட்டில் மண் சரிந்து இரண்டு நாள் வெளியே போக முடியாது, கரண்டும் இருக்காது. அந்த மாதிரி நேரத்தில் கைகொடுக்கிற புத்தகங்களை வீட்டில் சேர்க்க ஆசை. நெட்டில் தேடினால் நூறு புத்தகம் சொல்கிறார்கள், எல்லாம் ஆங்கிலம். எதை வாங்குவது? – வாசகி, கோத்தகிரி

பதில்: நூறு வேண்டாம் சகோதரி, ஐந்தாறு போதும். ஆனால் அந்த ஐந்தாறையும் வீட்டில் எல்லாரும் வெயில் நாளிலேயே புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். 2009 நவம்பரில் நீலகிரியில் ஊர் ஊராக மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்களே, அந்த மழையில் குன்னூருக்குக் கீழே எங்கள் வீட்டிலும் மூன்று நாள் இருட்டு. இரண்டாம் நாள் ராத்திரி மாமியார் கையில் கொதிக்கிற தண்ணீர் கொட்டிவிட்டது. தடியான ஆங்கில மருத்துவப் புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது, ஆசையாக வாங்கியது, அதுவரை திறக்காதது. டார்ச்சைக் கவ்விக்கொண்டு திறந்தால் வழவழப்பான தாள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது, பிரித்த இடத்தில் எழுத்தே உரிந்து வருகிறது. நான் பக்கம் தேடி முடிப்பதற்குள் அவர் தானாகவே பல் தேய்க்கிற பேஸ்ட்டைப் பூசிக்கொண்டார். செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்ட வேண்டும், பேஸ்ட், மை, ஐஸ் எதையும் வைக்கக் கூடாது. அதை அவர் முன்னாடியே தமிழில் வாசித்திருந்தால் போதும். தழும்பு இன்னும் இருக்கிறது.

அதனால் முதலில் தமிழில் ஒரு முதலுதவிக் கையேடு, படம் நிறைய இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்து, டேவிட் வெர்னர் எழுதிய மருத்துவ நூல். மெக்சிகோவின் மலைக்கிராமங்களுக்காக முதலில் ஸ்பானிய மொழியில் எழுதியது, தமிழிலும் ‘டாக்டர் இல்லாத இடத்தில்’ என்று வந்திருக்கிறது. ரோடு தொலைவாக இருக்கும் ஜனங்களை மனதில் வைத்து எழுதியதால் நமக்குச் சரியாகப் பொருந்தும். கையில் கிடைப்பது பழைய பதிப்பானால் அதைப் பார்த்து மாத்திரை அளவை மட்டும் முடிவு செய்யாதீர்கள். மூன்றாவது, காசே வேண்டாம்: அரசுப் பாடப்புத்தகம். ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் பேரிடரை எதிர்கொள்வது பற்றித் தனிப் பாடமே இருக்கிறது, பிள்ளைகள் அதைப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். அப்புறம் உங்கள் பகுதியின் 1:50,000 வரைபடம் (அதில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர்), இந்திய நில அளவைத் துறை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனாலும் ஓடை எங்கே, சரிவு எங்கே, ஒற்றையடிப் பாதை எங்கே என்று கோடுகளே சொல்லிவிடும்.

காட்டில் தனியாளாகப் பிழைப்பது எப்படி என்று வெளிநாட்டிலிருந்து வரும் புத்தகங்களை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். நமக்கு அக்கம்பக்கம் வீடு இருக்கிறது, கூப்பிட்டால் ஆள் வரும். அதைவிட, படத்தைப் பார்த்துக் காளான் பறித்துச் சமைக்கிற ஆபத்து பெரிது.

வாங்கியதும் ஒரு வேலை இருக்கிறது, முக்கியமானதே இதுதான். புத்தகங்களைப் பொதுவாகச் சமவெளிக்காரர்களை நினைத்து எழுதியிருப்பார்கள். பென்சிலை எடுத்து ஓரத்தில் நம் ஊருக்குத் தக்கபடி திருத்துங்கள். தண்ணீரை ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் கிருமி சாகும் என்று போட்டிருக்கும். 2,000 மீட்டருக்கு மேலே அது மூன்று நிமிடம். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகமாட்டேன் என்கிறதே, அதே காரணம்தான். கோத்தகிரி கொஞ்சம் தாழ்வு என்றாலும் நீங்களும் மூன்று நிமிடமே வையுங்கள், நஷ்டமில்லை. பாம்புக்கடிப் பக்கத்தில் ‘கட்டாதே, கீறாதே, ஆளை அசைக்காதே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ’ என்று இருந்தால், அதன் பக்கத்திலேயே விஷமுறிவு மருந்து உள்ள கிட்டத்து அரசு ஆஸ்பத்திரி எது, பெரிய ரோடு அடைபட்டால் எந்த எஸ்டேட் வழியாகப் போகலாம் என்று எழுதுங்கள். குளிர் காய்கிற பக்கத்தில், மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கக் கூடாது என்று பெரிதாக எழுதுங்கள். அந்தப் புகையில் மூச்சு முட்டி இறந்தவர்களின் செய்தி ஊட்டியிலிருந்தும் வந்திருக்கிறது, கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது.

முதல் அட்டையின் உள்பக்கத்தில் மண் சரியப்போவதற்கான அடையாளங்களை எழுதி ஒட்டுங்கள்: சுவரிலோ தரையிலோ புது விரிசல், நேற்று வரை சரியாகச் சாத்திய கதவு இன்று இடிப்பது, சாய்ந்த போஸ்ட், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, ஓடையில் மழைக்கு நடுவிலேயே நீர் குறைவது. இதில் ஒன்றைக் கண்டாலும் எந்தப் புத்தகத்தையும் திறக்க வேண்டாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சரிவை விட்டு நகர்ந்துவிடுங்கள். அதற்குக் கீழே 108, 112, மாவட்டப் பேரிடர் எண் 1077, பக்கத்து ஹட்டியில் ஜீப் வைத்திருப்பவர் நம்பர்.

கேள்வி: எல்லாம் போனிலேயே பி.டி.எஃப்.பாக இருக்கும்போது தாள் எதற்கு? – வாசகர், பூம்பாறை

பதில்: 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையையும் அடித்துப் போட்டதே, மரம் விழாத ரோடு இருந்ததா? போனில் வைத்திருங்கள், நல்லதுதான், நெட் இல்லாமலும் திறக்கிற மாதிரி இறக்கி வையுங்கள். ஆனால் அந்த நாட்களில் போன் சார்ஜ் என்பது ஆளைக் கூப்பிடுவதற்கு, அதைப் படம் பார்த்துக் கரைக்கக் கூடாது. போதாததற்கு உங்கள் போனின் லாக் உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா? பத்துப் பக்கம் பிரிண்ட் எடுங்கள். வயிற்றுப்போக்குக் கரைசல் கட்டாயம் இருக்கட்டும்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், டீஸ்பூனால் தலை தட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது, குழந்தைக்கு ஆபத்து. கையெழுத்தானாலும் சரி, எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

கேள்வி: ஊட்டியில் எந்தப் புத்தகம் வைத்தாலும் ஆறு மாதத்தில் பூசணம். என்ன செய்ய? – வாசகர், ஊட்டி

பதில்: வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போடாதீர்கள், அந்தச் சுவர்தான் மழையைக் குடிக்கிறது. உள்சுவரில், நாலு விரல் இடைவெளி விட்டு, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில். புத்தகங்களை இறுக்கி அடுக்கவும் வேண்டாம், காற்று போகட்டும். ஜனவரியில் உறைபனி விழுந்த மறுபொழுது நல்ல வெயில் அடிக்கும் பாருங்கள், அன்றைக்கு எல்லாவற்றையும் வராந்தா நிழலில் விரித்து நிறுத்தி வையுங்கள். பூசணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள், முகத்தில் துணி கட்டிக்கொண்டு வெளியே, காய்ந்த பிரஷால் தட்டுங்கள். நம் ஆட்கள் ஓலைச்சுவடிக்கு வைத்த வசம்பு பூச்சிக்கு இன்றும் உதவும், ஈரத்தை அது உறிஞ்சாது, அதற்குப் புது ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைச் சேர்த்து வைத்துப் போடுங்கள். அவசரப் புத்தகங்களை மட்டும் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், ரேஷன் கார்டு, பட்டா நகல்களோடு வைக்கலாம். நன்றாகக் காய்ந்த பிறகு வையுங்கள், ஈரத்தோடு மூடினால் அலமாரியைவிடச் சீக்கிரம் பூத்துவிடும். டப்பா பரணில் இருக்கக் கூடாது, வாசல் பக்கம், டார்ச்சுக்குப் பக்கத்தில்.