ஒரே ஒரு படம் எடுத்தவர்கள்

அன்புள்ள சார்,

பழைய படங்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எல்லோரும் சொல்லும் ரஷோமான், சைக்கோ எல்லாம் பார்த்தாயிற்று. யாரும் அதிகம் பேசாத, கொஞ்சம் விசித்திரமான பழைய படங்கள் 10 சொல்லுங்கள். சப்டைட்டில் நல்லதாக எங்கே கிடைக்கும்? கறுப்பு வெள்ளை என்றால் வீட்டில் யாரும் கூட உட்கார மாட்டேன் என்கிறார்கள், அதற்கு என்ன வழி? நண்பர் ஒருவர் சொல்லி ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ பார்த்தேன். ஏமாற்றம்தான். கதாநாயகி மரக்கட்டை மாதிரி இருக்கிறார், சத்தம் உதட்டோடு ஒட்டவில்லை. இதை எடுத்தவர் அதற்கப்புறம் வேறு முழுநீளப் படமே எடுக்கவில்லையாம். அதிலிருந்தே அவர் தரம் தெரிகிறதே?

ர., தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

சப்டைட்டில் தேடினால் கிடைக்கும். வீட்டில் யாரும் உட்காரவில்லை என்றால் தனியாகப் பாருங்கள், அதில் என்ன குறை? பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பட்டியல் வாங்கிப் போகிறவர்கள் அதை இன்னொருவருக்கு அனுப்புவதோடு சரி.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தில் போய்க் கை வைத்துவிட்டீர்கள். ‘அதிலிருந்தே தரம் தெரிகிறதே’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! ஒருவர் ஏன் இரண்டாவது படம் எடுக்கவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்த வரி வந்திருக்காது.

‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ எடுத்த ஹெர்க் ஹார்வி அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஊர்க்காரர். பள்ளிக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாடப்படம் எடுத்துக் கொடுக்கும் சென்ட்ரான் என்ற நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை. கலிஃபோர்னியாவிலிருந்து காரில் ஊர் திரும்பும்போது, யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக் கரையில் சால்ட்டேர் என்ற கைவிடப்பட்ட கேளிக்கை மண்டபத்தைப் பார்க்கிறார். அது அவரை விடவில்லை. கூட வேலை பார்த்த ஜான் கிளிஃபர்டிடம் கதை எழுதச் சொல்கிறார். ஒரே ஒரு நிபந்தனை: அந்த மண்டபத்தில் செத்தவர்கள் நடனமாட வேண்டும், மற்றதெல்லாம் உன் இஷ்டம். ஊரில் தெரிந்தவர்களிடம் பணம் திரட்டி, வேலைக்கு 3 வாரம் லீவு போட்டு, ஏறத்தாழ 30,000 டாலரில் படத்தை முடித்தார். வெள்ளை முகத்தோடு ஜன்னலில் வந்து நிற்கிறாரே, அந்த ஆளும் அவர்தான். படம் 1962இல் வெளியானது. விநியோகஸ்தரிடமிருந்து பணம் ஒழுங்காக வந்து சேரவில்லை. காப்புரிமையும் கைவிட்டுப் போனது. டெலிவிஷன்காரர்கள் நள்ளிரவில் இஷ்டத்துக்கு ஒளிபரப்பினார்கள். ஹார்வி பேசாமல் பழைய வேலைக்கே திரும்பிப் போய்ப் பாடப்படங்கள் எடுத்தார். 1989இல் படம் மறுபடி தியேட்டருக்கு வந்தபோதுதான் உலகம் அவரைத் தேடி வந்தது. இதில் எங்கே தெரிகிறது அவர் தரம்?

சத்தம் ஒட்டவில்லை என்கிறீர்கள். சரி, சில இடங்களில் ஒட்டவில்லைதான். ஆனால் துணிக்கடைக் காட்சியைப் பார்த்தீர்களா? அந்தப் பெண் உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வருகிறாள். கடையில் யார் கண்ணுக்கும் அவள் தெரியவில்லை, அவள் பேசுவதும் கேட்கவில்லை. நமக்கோ கடையின் சத்தம் முழுக்க அறுந்துபோகிறது. அவள் பயந்து தெருவுக்கு ஓடுகிறாள், அங்கேயும் அதே. மரத்தடியில் ஒரு பறவைக் குரலோடுதான் உலகம் அவளுக்குத் திரும்பக் கேட்கிறது. இந்தக் காட்சிக்குப் பணம் எவ்வளவு ஆகியிருக்கும்? ஒன்றுமே ஆகியிருக்காது. கதாநாயகி கேண்டஸ் ஹில்லிகாஸ் மரக்கட்டை என்கிறீர்களே, எங்கேயும் ஒட்டாத ஒரு பெண்ணை அவர் வேறு எப்படி நடித்திருக்க வேண்டும்? இன்னொரு முறை பாருங்கள், முடிவு தெரிந்தபின் அவர் முகத்தை மட்டும் பாருங்கள்.

நீங்கள் கேட்கிற விசித்திரம் பெரும்பாலும் இப்படி ஒருமுறை மட்டும் வந்து போனவர்களிடம்தான் கிடைக்கும் என்பது என் திடமான எண்ணம். இரண்டாவது, மூன்றாவது படம் எடுக்கிறவருக்கு எது ஓடும், எது ஓடாது என்று சொல்லித்தர சுற்றிலும் நாலு பேர் வந்துவிடுகிறார்கள். முதல் படத்தில் அப்படி யாரும் இருப்பதில்லை. மனதில் இத்தனை வருஷம் கிடந்தது அப்படியே வெளியே வருகிறது.

சார்ல்ஸ் லாட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய நடிகர், கையில் ஆஸ்கர் இருந்தவர். 1955இல் ‘தி நைட் ஆஃப் தி ஹண்டர்’ என்று ஒன்றே ஒன்று இயக்கினார். ஒரு கை விரல்களில் அன்பு, மறு கை விரல்களில் வெறுப்பு என்று பச்சை குத்திய போலிப் பாதிரியாராக ராபர்ட் மிட்சம். ஆற்றுக்கடியில் மூழ்கிய காரில், கொலையுண்ட பெண்ணின் கூந்தல் நீர்ப்பாசியோடு சேர்ந்து அலைகிறது. பயங்கரமும் அழகும் இப்படி ஒரே சட்டகத்துக்குள் வந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. படம் ஓடவில்லை. அடுத்து எடுக்க நினைத்திருந்ததும் கைகூடவில்லை. 1962இல் இறந்துபோனார். அவருக்கும் தரம் போதவில்லையா, ர.?

பிரேசிலில் மரியோ பெய்ஷோட்டோ, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன், 1931இல் ‘லிமிட்டி’ எடுத்தான். ஒரு படகு, அதில் மூன்று பேர், அவர்களின் நினைவுகள், அவ்வளவுதான். வணிகரீதியாக வெளியாகவே இல்லை. இருந்த பிரதி, எளிதில் கெட்டுப்போகும் நைட்ரேட் ஃபிலிம், அழுகிக்கொண்டிருந்தபோது சவுலோ பெரேரா டி மெல்லோ என்ற ரசிகர் அதைச் சட்டகம் சட்டகமாகப் படம்பிடித்து வருஷக்கணக்கில் உட்கார்ந்து மீட்டார். பெய்ஷோட்டோ 1992 வரை உயிரோடு இருந்தும் இன்னொரு படத்தை முடிக்கவில்லை.

நம் ஊர் இயக்குநர் ருத்ரய்யாவுக்கு இரண்டாவது படம் கிடைத்தது என்பதே பெரிது. ‘அவள் அப்படித்தான்’ பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறோம். 1980இல் வந்த ‘கிராமத்து அத்தியாயம்’ பற்றி யார் பேசுகிறார்கள்? ‘ஆத்து மேட்டுல’ பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை விட்டுவிட்டோம். 2014இல் அவர் இறந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில்கூட அந்தப் படத்துக்கு அரை வரிதான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் எண்பதுகளில் ஒரு படம் எடுத்தார். பெயர் சொன்னால் சங்கடப்படுவார், வேண்டாம். மனைவியின் நகை, அண்ணனின் பங்கு நிலம், எல்லாம் அதில் போனது. பாட்டு எங்கே, ஃபைட் எங்கே என்று கேட்டார்கள். ஒரு வாரம்கூட ஓடவில்லை. அப்புறம் அண்ணனின் உரக்கடையில் கணக்கு எழுத உட்கார்ந்தார். கடைக்கு வருகிறவர்கள், ‘அடுத்த படம் எப்போ அண்ணே?’ என்று கேட்பார்கள். அவர் பில் போட்டுக்கொண்டே சிரிப்பார். சில வருஷம் முன்பு அவர் வீட்டுப் பரணிலிருந்து ரீல் பெட்டியை இறக்கினோம். மூடியைத் திறந்ததும் வினிகர் நெடி கண்ணை எரித்தது. ஃபிலிம் சுருங்கி, ஓரமெல்லாம் அலை அலையாக நெளிந்திருந்தது. எந்த புரொஜெக்டரிலும் இனி ஏற்ற முடியாது. நெகட்டிவ்? டிஜிட்டல் வந்து சென்னையில் ஃபிலிம் கழுவும் லேப்கள் ஒவ்வொன்றாக மூடியபோது அவர் நெகட்டிவ் இருந்த லேபும் மூடியது. நெகட்டிவை வந்து எடுத்துப் போகச் சொல்லி அனுப்பிய கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கிறது. இவர் விசாரிக்கப் போனபோது பதில் சொல்ல ஆளில்லை. ‘அந்த மழை ஷாட்டை மட்டும் ஒருதரம் பார்த்தால் போதும்’ என்றார். நான் அந்த ஷாட்டைப் பார்த்தவன். நன்றாக இருக்கும்.

அதனால்தான் உங்கள் வரி என்னை இவ்வளவு கோபப்படுத்தியது. உங்கள் மேல் கோபமில்லை. தஞ்சாவூரில் உட்கார்ந்து இந்தப் படங்களைத் தேடிப் பார்க்கிற ஆள் நீங்கள், அதுவே எனக்குச் சந்தோஷம். அப்படிப்பட்டவரே எத்தனை படம் எடுத்தார் என்று எண்ணிக்கொண்டிருந்தால் எப்படி?

‘வாண்டா’ பாருங்கள். பார்பரா லோடன் என்ற நடிகை தானே எழுதி, இயக்கி, நடித்தது. பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு 16 எம்.எம்.மில் எடுத்த படம். வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, எங்கே போவதென்று தெரியாமல் ஒரு திருடன் பின்னால் போகிறாள் வாண்டா. 1970இல் வெனிஸ் விழாவில் பரிசு கிடைத்தது, அமெரிக்காவில் ஏறக்குறைய யாரும் பார்க்கவில்லை. லோடன் 1980இல் 48 வயதில் புற்றுநோயில் இறந்தார். அடுத்த படத்துக்கு முயற்சி செய்துகொண்டுதான் இருந்தார். 2007இல் ஹாலிவுட்டில் ஒரு லேப் மூடப்பட்டபோது, குப்பைக்குப் போக இருந்த அசல் சுருள்களை யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தார் எடுத்துவந்து சரிசெய்தார்கள். நீங்கள் பார்க்கப் போவது அந்தப் பிரதியைத்தான். வண்ணப்படம்தான், வீட்டிலும் உட்காருவார்கள்.

ஆரம்பத்தில், நிலக்கரிக் குவியல்களுக்கு நடுவே தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி போல அவள் நடந்து போவாள். நீண்ட ஷாட், தள்ளிவிட்டு ஓட்டாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று விவரமாக எழுதுங்கள், பதில் போடுகிறேன்.