திருப்பூர் லைன் கணக்கு: 1,440 பீஸ் ஏன் வரவில்லை?

உங்கள் தையல் லைனில் (டெய்லர்கள் ஆளுக்கொரு வேலையாக வரிசையில் தைக்கும் பிரிவு) கணக்குப்படி பீஸ் ஏன் வரவில்லை என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். 24 டெய்லர்கள், நாளுக்கு 480 நிமிடம், ஒரு டி-ஷர்ட்டுக்கு எஸ்.ஏ.எம். (ஒரு பீஸை முழுதாகத் தைக்க நிர்ணயித்த நேரம்) 8 நிமிடம். ஆகவே நாளுக்கு 1,440 பீஸ் என்று கணக்கிட்டு, 10,000 பீஸை 7 நாளில் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், வருவதோ 550. பெருக்கல் வகுத்தலில் பிழையில்லை. ஆனால் அது ஒருவர்கூடக் கை ஓயாமல் தைக்கும் லைனுக்கான கணக்கு. அப்படியொரு லைனை நான் பார்த்ததில்லை.

கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) வைக்கும் ஓவர்லாக் மெஷினின் முன்னால் பண்டில்கள் (வெட்டிய துணிக்கட்டுகள்) குவிகின்றன என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அங்குதான் இருக்கிறது. அந்த வேலைக்கு 48 வினாடி என்கிறீர்கள். ஒரே ஆள் என்றால் மணிக்கு 75, எட்டு மணி நேரத்துக்கு 600. மற்ற 23 பேரும் பறந்தாலும் 600-ஐத் தாண்ட முடியாது. நாளைக்கே அங்கே இன்னொரு மெஷின் போடுங்கள். உச்சவரம்பு 1,200 ஆகும். அடுத்த குவியல் அநேகமாக டி-ஷர்ட்டின் கையை இணைக்கும் இடத்தில் எழும்.

அந்த 48 வினாடியையும் ஒருமுறை சரிபாருங்கள். கெட்டிக்கார டெய்லரின் பின்னால் நின்று ஒரு பீஸுக்கு மட்டும் ஸ்டாப்வாட்ச் பிடித்தால் பொய்தான் கிடைக்கும். பத்து பீஸாவது பாருங்கள். பண்டில் பிரிப்பது, நூல் அறுந்து கோப்பது எல்லாம் சேரட்டும்.

டெலிவரி தேதிக்கு 55 சதவீதத் திறன் (அந்த 1,440-இல் 55 சதவீதம்) வைத்தே கணக்கிடுங்கள்: நாளுக்கு 790 சொச்சம், அதாவது 13 நாள். புது ஸ்டைல் என்றால் கை பழகவே இரண்டு நாள் போகும். ஆர்டர் கொடுத்த பையரிடம் 15 நாள் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.